பெடல் கயாக்கில் கடல் மீன்பிடிப்பு: கிழக்குக் கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகைத் துடுப்பால் ஓட்டித் தூண்டில் போடுகிறவருக்கு எப்போதும் ஒரு கை பற்றாது. துடுப்பைக் கீழே வைத்தால் படகு காற்றோடு போய்விடும். துடுப்பைப் பிடித்தால் ராடு, அதாவது தூண்டில் கம்பு, சும்மா கிடக்கும். பெடல் கயாக்கில் ஓட்டும் வேலை காலுக்குப் போய்விடுகிறது. ஒரு கை சுக்கானைப் பார்த்துக்கொள்ள, இன்னொரு கையில் ராடு இருக்கலாம். இதன் முழு லாபமும் அதுதான், ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது. கால் அவ்வளவு எளிதில் சலிப்பதில்லை. மீன் தேடும் மும்முரத்தில் நான்கு கிலோமீட்டர் உள்ளே போனது தெரியாது. திரும்பும்போதுதான் காற்று எதிரே நிற்பது தெரியும்.

சென்னைக்குத் தெற்கே கோவளம் தொடங்கி புதுச்சேரி வரையிலான திறந்த மணற்கரைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. இங்கே அலை உடைவதைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். படகு தேர்விலிருந்து மீனை ஏற்றுவது வரை எல்லாமே அதைப் பொறுத்தது.

படகும் டிரைவும்

மிதிப்பதைப் படகை உந்தும் விசையாக மாற்றும் டிரைவில் இரண்டு வகை உண்டு. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவில், அடிப்பக்கம் இரண்டு ஃபின்கள், அதாவது துடுப்புத் தகடுகள், பெங்குயின் இறக்கைபோல் பக்கவாட்டில் வீசும். பெடல்களை மாற்றி மாற்றி முன்னே தள்ள வேண்டும். மற்றது சைக்கிள்போல் சுழற்றும் புரொப்பெல்லர் டிரைவ். பின்பக்கமாகச் சுழற்றினால் படகு உடனே பின்னால் வரும். ஃபின் வகையில் பழைய மாடல்களுக்குப் பின்னோட்டம் கிடையாது. பிறகு வந்தவற்றில் கயிறு இழுத்து ஃபின்களைத் திருப்ப வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகமல்ல, டிரைவை எத்தனை நொடியில் மேலே தூக்கலாம் என்பது. ஃபின் வகையில் ஒரு பெடலை முழுதாக முன்னே தள்ளினால் இரண்டு ஃபின்களும் அடிப்பரப்போடு ஒட்டிக்கொள்ளும். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் தாங்கும். புரொப்பெல்லர் படகுக்குக் கீழே 40 செ.மீ. அளவுக்குத் தொங்கும். தாழ்ப்பாளை விடுவித்து மொத்தமாகத் தூக்கியாக வேண்டும். மறந்துபோய் மணலில் இடித்தால் தண்டு வளையும், அல்லது டிரைவ் உட்காரும் குழியில் விரிசல் விழும். திறந்த கடற்கரைக்கு ஃபின், உப்பங்கழிக்கும் ஒரே இடத்தில் நின்று ஜிக் (செங்குத்தாக இறக்கி ஆட்டும் எடையுள்ள செயற்கை இரை) போடுவதற்கும் புரொப்பெல்லர் என்பது எங்கள் பரிந்துரை. இரண்டுக்கும் ஒரே படகு என்றால் ஃபின்னையே எடுக்கலாம்.

படகு மேலே உட்காரும் வகையாக, தண்ணீர் தானாக வடியும் துளைகளோடு இருக்க வேண்டும். நீளம் 3.6 முதல் 4 மீட்டர், அகலம் 80 முதல் 90 செ.மீ. போதும். அதைவிட அகலமானால் எழுந்து நிற்க வசதி, எதிர்க்காற்றில் வேதனை. எடை தாங்கும் திறனாக நிறுவனம் சொல்லும் எண்ணில் 70 சதவீதத்தையே கணக்கில் எடுங்கள். ஆள் 80 கிலோ, சாமான் 20, ஐஸும் மீனும் 10 என்றால் மொத்தம் 110. அப்படியானால் 160 கிலோவாவது தாங்கும் படகு வேண்டும். எல்லாம் கட்டிய கயாக் 50 கிலோவைத் தாண்டும். அகலமான பலூன் டயர் வைத்த தள்ளுவண்டி இல்லாமல் காய்ந்த மணலில் அதை நகர்த்த முடியாது. மெல்லிய கெட்டிச் சக்கரம் பத்தடியில் புதைந்துவிடும்.

இருக்கையைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பெடல் முன்னே கடைசி வரை போன நிலையில் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் இடுப்பு வலிக்கும். இருக்கை மிக அருகே இருந்தால் ஒரு மணி நேரத்தில் முழங்கால் பேசத் தொடங்கும்.

காற்று, நீரோட்டம், நாள் பார்த்தல்

கயாக்குக்கு மிக மோசமான கடல் பல நேரம் பார்க்க மிக அமைதியாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் அலையே இல்லாமல் குளம்போல் தெரியும். ஆனால் இரண்டு கிலோமீட்டர் போனதும் மேற்கிலிருந்து வரும் காற்றின் முழு வேகமும் முதுகில் ஏறும், தண்ணீர் நொறுங்கத் தொடங்கும், திரும்பும் வழி முழுதும் எதிர்க்காற்று. அந்த மாதங்களில் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்துகொள்ளுங்கள், இல்லையேல் உப்பங்கழிக்குப் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். அலை உயரும், புயல் சின்னங்கள் வரும். அப்போது விட்டுவிடுவதே நல்லது. பிப்ரவரி, மார்ச் மாதக் காலைகள்தான் தொடங்க ஏற்றவை.

அந்த நாட்களிலும் ஒரு ஒழுங்கு உண்டு. விடியலில் மெல்லிய கரைக்காற்று இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் முற்பகலிலோ நண்பகலிலோ கடற்காற்று எழும். அது கரையை நோக்கித் தள்ளுவதால் திரும்புவது எளிது என்று தோன்றும். ஆனால் கரையில் அலையையும் அதுதான் உயர்த்துகிறது. ஐந்தரைக்கு இறங்கி ஒன்பது மணிக்குத் திரும்பத் தொடங்குவது நல்ல கணக்கு.

முந்தைய இரவு ஹைதராபாதின் இன்காய்ஸ் மையம் வெளியிடும் கடல் முன்னறிவிப்பில் அலை உயரம், அலை இடைவெளி, காற்று மூன்றையும் பாருங்கள். புதியவருக்குக் காற்று மணிக்கு 15 கி.மீ.க்குக் கீழும், அலை 0.7 மீட்டருக்குக் கீழும் இருக்க வேண்டும். உயரம் குறைவாக இருந்தும் இடைவெளி 14 நொடிக்கு மேல் என்றால் எங்கோ தொலைவில் எழுந்த அலை வருகிறது என்று பொருள்; கரையில் அது எதிர்பாராத வலுவோடு உடையும்.

நீரோட்டம் இந்தக் கரையில் பிப்ரவரி தொடங்கி பொதுவாக வடக்கு நோக்கியும், அக்டோபருக்குப் பின் தெற்கு நோக்கியும் ஓடும். கரையோரத்தில் காற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் என்பதால், வெளியே போனதும் இரண்டு நிமிடம் மிதிக்காமல் இருந்து ஜிபிஎஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிரே போக வேண்டும்; களைத்த கால் அதோடு சேர்ந்து திரும்பும். சாதாரண மிதிப்பில் மணிக்கு 5 கி.மீ. கிடைக்கும். எதிர்க்காற்று மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வீசினால் அதில் பாதியும் நிச்சயமில்லை.

உப்பங்கழியில் பழக வேண்டியவை

கடலில் இறங்குமுன் முட்டுக்காடு போன்ற அமைதியான தண்ணீரில் சில காலைகள் பழகுங்கள். பெடல் மிதிப்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கற்க வேண்டியது கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறுவது.

படகை வேண்டுமென்றே கவிழ்த்துவிடுங்கள். தலைகீழாகக் கிடக்கும்போது ஃபின் மேல்நோக்கி நிற்கும். முகத்தை அதற்கு அருகே கொண்டு போகாதீர்கள். அடிப்பரப்பின் குறுக்கே கை நீட்டி எதிர்ப்பக்கக் கைப்பிடியையோ அதில் முன்பே கட்டிவைத்த கயிற்றையோ பற்றி, உடல் எடையைப் பின்னால் சாய்த்தால் படகு நிமிரும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, கால்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்தபடி வயிற்றைப் படகின் குறுக்கே ஏற்றுங்கள். வயிறு ஏறியதும் புரண்டு, பின்புறத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். கால் தொங்கிய நிலையில் கைபலத்தால் ஏற முயன்றால் படகு மறுபடி உங்கள் மேலே கவிழும். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஐந்து முறை ஏற முடிந்த பிறகு கடலைப் பற்றி யோசிக்கலாம்.

துடுப்பால் மட்டும் அரை கிலோமீட்டர் ஓட்டவும் பழகுங்கள். டிரைவ் உடையும் நாளில் வீடு சேர்ப்பது துடுப்புதான். அது எப்போதும் படகில் கயிற்றோடு இருக்க வேண்டும்.

எடுத்துச் செல்பவை

உடலில் இருக்க வேண்டியவை: லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், நீர்புகா உறையில் போன், தங்கூசி (தூண்டில் நூல்) அறுக்கும் சிறு கத்தி. இவற்றைப் படகில் வைத்தால் படகு போகும்போது இவையும் போய்விடும். இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் போனில் இருக்கட்டும். அடையாள அட்டையின் நகலும் தேவை, கடலில் விசாரிப்பார்கள்.

படகில்: ஒன்றரை மீட்டர்க் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி, வெள்ளை விளக்கு, மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மூக்கு நீண்ட இடுக்கி, தூண்டில் முள்ளையே வெட்டக்கூடிய கட்டிங் பிளேயர், மீன் வாயைப் பற்றும் கிரிப், 3 கிலோ ஐஸோடு மீன் பை. நண்டுப் படகோ வள்ளமோ அலைக்கு நடுவே கயாக்கைக் காண்பது எளிதல்ல. அந்தக் கொடியை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம்.

ராடு இரண்டு போதும். ஒன்று இழுவைக்கு, அதாவது ஓடும் படகின் பின்னால் இழுத்துவருவதற்கு: 6 முதல் 7 அடி, 4000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நூல்) 200 மீட்டர். மற்றது ஜிக்குக்கு: 6 அடி, சற்று விறைப்பானது. மூன்றாவது ராடு சிக்கலைத்தான் கூட்டும்.

இறங்குவது

இறங்கும் குப்பத்தில் முதலில் பேசுங்கள். வலை எங்கே விட்டிருக்கிறார்கள், பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே இருக்கிறது, அன்று தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதை அங்குள்ள அண்ணன்மாரைவிட எந்தச் செயலியும் நன்றாகச் சொல்லாது. நீங்கள் கடலில் இருப்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருப்பதும் நல்லது.

பிறகு பதினைந்து நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பின் சற்று ஓயும். அந்த ஓய்வு எவ்வளவு நேரம் என்று கணக்கிடுங்கள். மணல் திட்டில் அலை உடையும் இடங்களுக்கு நடுவே உடையாத வழி ஒன்று தெரியலாம். அது ஆழமான பாதை. தண்ணீர் வெளியே இழுக்கும் இடமும் அதுவே. போகும்போது அது உதவும்.

1. ராடுகளைப் படகின் உள்ளே அல்லது பக்கவாட்டில் படுக்க வைத்துக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் ராடு முதல் அலையிலேயே போய்விடும்.
2. அடிப்பக்க வடிகால் மூடி இறுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மறப்பது இதைத்தான்.
3. டிரைவும் சுக்கானும் மேலே தூக்கிய நிலையில் இருக்க வேண்டும். டிரைவைப் படகோடு கயிற்றால் பிணைத்திருங்கள்.
4. முன்புறம் அலைக்கு நேர்குத்தாக, படகைத் தொடை ஆழம் வரை தள்ளுங்கள். நீங்கள் எப்போதும் படகின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அலைக்கும் கரைக்கும் நடுவே படகுக்குக் கரைப்பக்கம் நிற்காதீர்கள்.
5. பெரிய கூட்டம் முடிந்ததும் ஏறி, துடுப்பால் வேகமாக ஓட்டுங்கள். அலை வரும்போது நிறுத்தாதீர்கள். முன்னே சாய்ந்து துடுப்பை அலைக்குள் ஊன்றி இழுங்கள். தயங்கி நின்ற படகைத்தான் அலை குறுக்கே திருப்பும்.
6. கடைசி உடைவைத் தாண்டி இன்னும் முப்பது மீட்டர் போன பிறகே டிரைவை இறக்குங்கள்.

வெளியே மிதவை தெரிந்தால் அதன் கீழே வலை இருக்கிறது. டிரைவைத் தூக்கிக்கொண்டு துடுப்பால் கடக்க வேண்டும். வலை மாட்டிக்கொண்டால் மிதிப்பதை உடனே நிறுத்தி, டிரைவை மேலே எடுத்து கையால் பிரித்துவிடுங்கள். மீனவர் வலையை அறுக்கக் கூடாது.

இழுவைத் தூண்டில்

பெடல் கயாக் இதற்கென்றே செய்தது போலிருக்கும். லூரை (மீன் வடிவச் செயற்கை இரை) 30 மீட்டர் பின்னால் விட்டு, சீராக மிதித்துக்கொண்டே போனால் போதும். வஞ்சிரம், சீலா, பாறை மூன்றும் இதற்கு வரும். அதிர்ஷ்டம் இருந்தால் கடல் விரால்.

பல இடங்களில் கரையிலிருந்து 2 கி.மீ.க்குள் 10 மீட்டர் ஆழம் வந்துவிடும், அங்கிருந்து தொடங்கலாம். 10 முதல் 14 செ.மீ. நீளமுள்ள, 3 முதல் 5 மீட்டர் ஆழம் பாயும் லூர் நல்லது. வேகம் மணிக்கு 4 முதல் 6 கி.மீ. லூர் சரியாக நீந்தினால் ராடு முனை இடைவிடாமல் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசியோ பிளாஸ்டிக் பையோ மாட்டியிருக்கிறது; சுற்றி எடுத்துப் பாருங்கள். துடிப்பில்லாத லூரை அரை மணி நேரம் இழுத்துவிட்டு மீன் இல்லை என்று திரும்புகிறவர்கள் ஏராளம். நிறத்தைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதியை ஆழத்தைப் பற்றி நடத்தினால் பலன் கிடைக்கும்.

சீலாவும் வஞ்சிரமும் தங்கூசியைப் பல்லால் வெட்டும். பிரெய்டின் முனையில் லீடராக 50 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நூல் ஒன்றரை மீட்டர், அதன் கீழே 25 செ.மீ. மெல்லிய எஃகுக் கம்பி போடுங்கள். பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி முடிச்சில் இணைத்தால் ராடு வளையங்களில் தட்டாது.

இரண்டு லூர் இழுத்தால் ஒன்று 25 மீட்டர், மற்றது 45 மீட்டர். திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்புங்கள். சட்டென்று திரும்பினால் உள்பக்க லூர் தொய்ந்து மற்றதோடு பின்னிக்கொள்ளும். நேர்க்கோட்டைவிட வளைந்து வளைந்து போவது மேல். வளைவில் வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும், உள்பக்கம் வேகம் குறையும். எந்தப் பக்கம் மீன் அடிக்கிறது என்பதிலிருந்து அன்று அதற்குப் பிடித்த வேகம் தெரிந்துவிடும்.

டிராக், அதாவது ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கம், மூன்று கிலோ போதும். அதாவது 30 பவுண்டு பிரெய்டின் வலுவில் கால் பங்குக்கும் குறைவு. மீன் இழுத்தால் கயாக்கே நகர்ந்து கொடுப்பதால், கரையில் நின்று பிடிக்கும்போது வைக்கும் இறுக்கம் இங்கே தேவையில்லை. ராடைத் தாங்கியில் வைத்திருந்தால் கயிற்றால் கட்டியிருங்கள்.

ஓரிடத்தில் நின்று ஜிக்

ஒலியலையால் கடலடியையும் மீனையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் பாரோ மீன் கூட்டமோ தெரிந்தால், முன்புறத்தைக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து வரும் திசைக்குத் திருப்பி, நகராத அளவுக்கு மட்டும் மிதியுங்கள். கால் நங்கூரமாகிவிடும், கையில் ஜிக் ஆடும். தண்ணீர் ஆழம் மீட்டருக்கு 2 முதல் 3 கிராம் எடை என்று வைத்துக்கொள்ளலாம். 20 மீட்டருக்கு 40 முதல் 60 கிராம். தங்கூசி செங்குத்தாக இறங்கவில்லையென்றால் எடையைக் கூட்டுவதற்கு முன் படகின் நிலையைச் சரிசெய்யுங்கள்.

நங்கூரம் போட்டே ஆக வேண்டுமானால் ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம், ஆழத்தைப்போல் மூன்று மடங்குக் கயிறு. கயிற்றைப் படகின் முனையில்தான் கட்ட வேண்டும். இடுப்புக்கு அருகே பக்கவாட்டில் கட்டினால், ஒரு அலையில் அந்தப் பக்கம் அமிழ்ந்து படகு கவிழும். ஒரே இழுப்பில் கழலும் முடிச்சும், கழன்ற கயிற்றைப் பின்னர் எடுக்க ஒரு மிதவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் மாட்டியதும்

இன்னொரு தூண்டிலைச் சுற்றி எடுங்கள், பிறகு முன்புறத்தை மீனை நோக்கித் திருப்புங்கள். மீன் முன்னே இழுத்தால் படகு அதன் பின்னால் போகும், ஆபத்தில்லை. பக்கவாட்டில் இழுக்கும் பெரிய மீன்தான் கவிழ்க்கும். மீன் அடியில் புகுந்தால் ராடு முனையைத் தண்ணீருக்குள் நுழைத்து, படகின் முன்னால் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஃபின்னில் தங்கூசி சுற்றாமல் இருக்க அந்த நேரத்தில் பெடலை முன்னே தள்ளி ஃபின்களை ஒட்டவைக்க வேண்டும். புரொப்பெல்லர் என்றால் மிதிப்பதை நிறுத்துங்கள்.

களைக்காத சீலாவை மடிமேல் ஏற்றுவதைப்போல் முட்டாள்தனம் வேறில்லை. அதன் பல்லும், லூரில் தொங்கும் மூன்று முனை முள்களும் உங்கள் வெறுந்தொடைக்கு அரை அடி தூரத்தில் இருக்கும். லூரின் மும்முனை முள்களைக் கழற்றி ஒற்றை முள் போட்டுவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மீனும் அதிகம் தப்பாது. மீன் பக்கவாட்டில் சாயும் வரை பொறுத்து, கிரிப்பால் தாடையைப் பற்றி, தலையில் ஒரு அடி கொடுத்த பிறகு ஏற்றுங்கள். எட்டிப் பிடிக்கும்போது தலை படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தலை போன பக்கம் உடல் போகும், உடல் போன பக்கம் படகு சாயும்.

கெளுத்தியின் மூன்று முள்களையும் வெறுங்கையால் தொடாதீர்கள். திருக்கை, கடல் பாம்பு என்றால் தங்கூசியை அறுத்துவிடுங்கள். ஆமை மாட்டினால் அருகே இழுத்து, முள்ளுக்கு ஒட்டி வெட்டி விடுவியுங்கள். ஜனவரி முதல் இந்தக் கரையில் அவை முட்டையிட வரும் காலம், சட்டமும் அவற்றைக் காக்கிறது. வஞ்சிரத்தைப் பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடித்து ஐஸில் போட வேண்டும். வெயிலில் அரை நாள் கிடந்த மீனில் உருவாகும் நச்சைச் சமைத்தும் போக்க முடியாது.

கரை சேர்வது

புறப்படுவதைவிட இது கடினம், ஏனென்றால் அலை முதுகுப்பக்கமிருந்து வரும். உடைவுக்கு வெளியே நின்று ராடு, ஃபிஷ் ஃபைண்டர் எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள். டிரைவையும் சுக்கானையும் தூக்குங்கள். பெரிய கூட்டம் போகும் வரை காத்திருந்து, கடைசி அலையின் முதுகில் தொடர்ந்தபடி துடுப்பால் வாருங்கள். அலைக்கு முன்னால் சறுக்கினால் மூக்கு மணலில் குத்தும். படகு குறுக்கே திரும்பிவிட்டால் கரைப்பக்கம் சாயாமல் அலைப்பக்கமே சாய்ந்து, துடுப்பை அலைமேல் அழுத்துங்கள். அப்படியே பக்கவாட்டில் கரைக்கு வந்துவிடலாம். இறங்கும்போது கடல்பக்கமாக இறங்குங்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கை ஒரு சிறு அலை தள்ளினாலும் கால் எலும்பு தாங்காது.

உப்பங்கழி முகத்துவாரம் வழியாகத் திரும்ப நினைப்பவர்கள் நீர் வற்றும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். கொடுவாவுக்கு அது நல்ல இடம்தான், கரையில் நின்று வீசுங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு எதிரேயும் துறைமுக வாய்களிலும் நெருங்க வேண்டாம். இன்னும் தெற்கே போகிறவர்களுக்கு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் கூடாது.

கழுவலும் உதிரிகளும்

டிரைவைக் கழற்றி நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் பெடலைச் சுழற்றியபடி கழுவுங்கள். மேலே தெளிப்பது போதாது. தாங்குருளைக்குள் புகுந்த மணல்தான் ஒரு மாதத்தில் கரகர சத்தமாக வெளிப்படும். காய்ந்ததும் சங்கிலி, கம்பி, அச்சுகளில் சிலிக்கன் தெளிக்கலாம். ஃபின்னைத் தண்டோடு பிடிக்கும் சிறு திருகு தளர்ந்தால் ஃபின் கடலில் கழன்று மூழ்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஆலன் சாவியால் தொட்டுப் பாருங்கள்.

வடிகால் மூடியைத் திறந்து உள்ளே வந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். ஒரு குவளை வருவது இயல்பு. ஒரு லிட்டருக்கு மேல் வந்தால் டிரைவ் குழியின் மூலைகள், வடிகால் துளைகளின் ஓரம், பின்னர் நீங்களே துளையிட்டு மாட்டிய ராடு தாங்கிகள் என்ற வரிசையில் விரிசல் தேடுங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

வெயிலில் நிறுத்திய காரின் மேல் இறுக்கிக் கட்டிய பாலித்தீன் படகு பட்டை அழுந்திய இடத்தில் குழிந்துபோகும். கரை சேர்ந்ததும் பட்டையைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். உதிரிப் பெட்டியில் ஒரு ஃபின் அல்லது புரொப்பெல்லர் முளை, ஆலன் சாவி, சுக்கான் கயிற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் நூல்கயிறு மூன்று மீட்டர், ஜிப் டை பத்து, நீர்புகா ஒட்டுநாடா, மாற்று வடிகால் மூடி இருந்தால் போதும்.